பாரிவேட்டைக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போகிறார். தடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா?

கோவையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வாசகிக்கு வயது 34. கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. கணவரின் சொந்த ஊர் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம். ஒவ்வொரு மாசி சிவராத்திரிக்கும் குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவார்கள். சாமி கும்பிட்ட மறுநாள் இரவு ஊர் ஆண்கள் சேர்ந்து பாரிவேட்டைக்குக் கிளம்புவது அங்கே வழக்கம். கம்பு, வலை, நாலைந்து வேட்டை நாய்கள், நெற்றியில் லைட். அடிபடும் முயலைப் பங்கு போட்டு வீடு வீடாகக் கொடுப்பார்கள். பங்குக் கறியைச் சமைப்பது வாசகியும் அவருடைய ஓரகத்தியும்.

போன வருடம் கணவர் முதல் முறையாக மகனையும் கூட்டிப் போயிருக்கிறார். தகரத்தைத் தட்டிக்கொண்டே புதரைக் கலைப்பதுதான் அவனுக்குக் கொடுத்த வேலை. விடியற்காலையில் முள் கீறிய காலோடு வந்தவன், துடித்துக்கொண்டிருந்த முயலின் காதைத் தன்னைப் பிடிக்கச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். அதன் பிறகு ஒரு மாதம் போல நடு இரவில் எழுந்து உட்கார்ந்தானாம். ஆனால் பள்ளியில் அதையே பெருமையாகச் சொல்லித் திரிகிறான். இந்த வருடம் தங்கையும் "நானும் வருவேன்" என்று அடம்பிடிக்கிறாள். "வரட்டும், பயம் தெளியும்" என்கிறார் கணவர். "எங்க காலத்துல அஞ்சு வயசுலயே வலைக்குப் பின்னாடி நின்னுருக்கோம்" என்கிறார் மாமனார். உறவில் ஒருவரிடம் நாட்டுத் துப்பாக்கி இருப்பதாகவும் காதில் விழுந்திருக்கிறது.

அவருடைய கேள்விகள் இவை. கோயில் வழக்கம் என்பதால் சட்டம் ஒன்றும் செய்யாது என்கிறார்களே, உண்மையா? பட்டா நிலத்தில்தானே போகிறார்கள், காட்டுக்குள் இல்லையே? சின்னப் பிள்ளைகள் மேல் வழக்கு வராதுதானே? அப்பா எடுத்த முடிவைத் தடுக்க அம்மாவுக்கு உரிமை உண்டா? பெயர் சொல்லாமல் வனத்துறைக்கு போன் செய்துவிடலாமா? கடைசியில் ஒரு வரி: "இதை நான் வாய்விட்டுக் கேட்டால் குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் என்பார்கள்."

சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். சிறு வயதில் பாரிவேட்டைக் கறி எங்கள் வீட்டுக்கும் பங்கு வந்திருக்கிறது, சாப்பிட்டிருக்கிறேன். அதனால் உங்கள் வீட்டுக்காரரைக் கொடூரமானவர் என்று எழுத எனக்கு வாய் வராது. அவர் தன் அப்பாவிடமிருந்து வாங்கியதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க நினைக்கிறார். அந்த ஆசையில் தப்பில்லை. கொடுக்கிற பொருளில்தான் சிக்கல். அவருடைய அப்பா காலத்துக்கும் இவர் காலத்துக்கும் நடுவில் அது குற்றமாகிவிட்டது. போன வருடம் உங்கள் மகன் அந்தக் குற்றத்துக்குள் நின்றிருக்கிறான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அதை உறைக்க வைப்பதுதான் உங்கள் வேலை. பிள்ளைகளை எதிரெதிர்ப் பக்கம் பிடித்து இழுப்பது இல்லை.

கோயில் வழக்கம், பட்டா நிலம்

இரண்டுமே காப்பாற்றாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்க வேண்டியவை என்று தன் அட்டவணையில் பட்டியலிட்டுள்ள விலங்குகளை வேட்டையாடுவதை 9-ஆம் பிரிவில் தடை செய்கிறது. நம் ஊர் காட்டுமுயல் அந்த அட்டவணையில் இருக்கிறது. சந்தையில் விற்கிற வெள்ளை முயல் வேறு, அது வளர்ப்புப் பிராணி. இரண்டும் முயல்தானே என்று யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். சிவராத்திரிக்கு என்றோ குலதெய்வத்துக்கு என்றோ அந்தச் சட்டத்தில் எந்த விலக்கும் இல்லை.

"ஜல்லிக்கட்டுக்கு அனுமதி கிடைத்ததே" என்று உங்கள் வீட்டுக்காரர் வாதாடுவதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு அரசு 2017-ல் தனியாக ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது, உச்ச நீதிமன்றம் அதை 2023 மே மாதம் செல்லும் என்றது. காளை வீட்டு விலங்கு, அதற்குப் பொருந்துவது மிருகவதைத் தடுப்புச் சட்டம். பாரிவேட்டைக்கு அப்படி ஒரு திருத்தம் யாரும் கொண்டுவரவில்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கேட்க முடியாது.

பட்டா நிலம் என்ற வாதமும் நிற்காது. 9-ஆம் பிரிவு காட்டுக்குள் மட்டும் பொருந்துவதில்லை. நிலம் உங்கள் மாமனாருடையதாக இருக்கலாம், அதில் ஓடும் முயல் அவருடையது ஆகாது. சட்டவிரோதமாக வேட்டையாடப்பட்ட விலங்கு அரசின் சொத்து என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது.

அடுத்து, வேட்டை என்றால் என்ன என்பது. கொல்வதுதான் வேட்டை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். சட்டத்தின் விளக்கம் அதைவிட அகலமானது. பிடிப்பது, கண்ணி வைப்பது, வலை விரிப்பது, நாயை விட்டுத் துரத்துவது, இரை வைத்து ஏமாற்றுவது, விரட்டிக் கலைப்பது, இதில் எதையாவது செய்ய முயல்வது, எல்லாமே வேட்டை. ஒரு முயல்கூடச் சிக்காமல் திரும்பினாலும் வேட்டைதான். "நான் கம்பையே தொடவில்லை, கூடத்தான் போனேன்" என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னாலும், குற்றத்துக்கு உடந்தையாக இருந்தால் குற்றம் செய்ததாகவே கொள்ளும் பிரிவு ஒன்று இருக்கிறது. உங்கள் மகன் தட்டிய தகரத்துக்கு இப்போது என்ன பெயர் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

தண்டனை? முயலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராத உச்சவரம்பு முன்பு 25,000 ரூபாயாக இருந்தது, 2022 திருத்தத்தில் உயர்த்தினார்கள். நடைமுறையில் பல முயல் வழக்குகளில் வனத்துறையே, வழக்கை நீதிமன்றம் வரை கொண்டுபோகாமல், இணக்கத் தொகை வாங்கிக்கொண்டு முடித்துவிடுவதும் உண்டு. "அபராதம் கட்டிட்டு வந்துட்டோம்" என்று ஊரில் சொல்வது அதைத்தான். அதை நம்பிப் போகிறார்கள். ஆனால் இருட்டில் விரித்த வலைக்கு முயல் எது, உடும்பு எது என்று தெரியாது. உடும்பும் மயிலும் அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணை விலங்குகள். அவை சிக்கினால் குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை, அங்கே இணக்கத் தொகைப் பேச்சே கிடையாது. அதே ஏழு ஆண்டு, சரணாலய எல்லைக்குள் எந்த அட்டவணை விலங்கை வேட்டையாடினாலும் வரும். உங்கள் புகுந்த வீடு இருக்கும் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருப்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் அரசு ஊழியர் என்பதால் இன்னொன்று. குற்ற வழக்கில் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே சஸ்பெண்ட் ஆனதாகக் கருதப்படும் என்று தமிழ்நாடு அரசு ஊழியர் விதிகள் சொல்கின்றன. சனி ஞாயிறு சேர்ந்து வந்து, ஜாமீன் மனு திங்கட்கிழமைதான் விசாரணைக்கு வருகிறது என்றால் 48 மணி நேரம் எப்படிப் போகும் என்று அவருக்கே தெரியும். பயமுறுத்தச் சொல்லவில்லை. முயல் கறி அவருக்கு எவ்வளவு விலை ஆகலாம் என்ற கணக்கு இது.

பங்குக் கறியைச் சமைப்பது குற்றமா என்று ஓரமாக எழுதியிருந்தீர்கள். அதைக் கேள்வியாகவே நீங்கள் நினைக்கவில்லை போலிருக்கிறது. ஆனால் இறைச்சி என்பதற்கு இந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் பச்சையாக இருந்தாலும் சமைத்ததாக இருந்தாலும் என்றே இருக்கிறது. தெரிந்தே வைத்திருந்தால் குழம்புச் சட்டியும் சாட்சிதான். இந்த வருடம் அந்தப் பங்கை வாங்க வேண்டாம்.

பிள்ளைகள் மேல் வழக்கு வருமா?

இதில் நீங்கள் நினைப்பது பாதி சரி. ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, செய்கிற காரியத்தின் தன்மையும் விளைவும் புரியும் அளவுக்கு அந்தக் குழந்தைக்கு முதிர்ச்சி இருந்ததா என்று பார்ப்பார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விதிகள் புதிய பாரதிய நியாய சம்ஹிதாவிலும் அப்படியே இருக்கின்றன. ஆக, மகள் மேல் எதுவும் வராது. மகன் விஷயத்திலும் அப்பா சொல்லித் தகரம் தட்டிய ஒன்பது வயதுப் பையனை யாரும் குற்றவாளியாக்கப் போவதில்லை. அப்படியே விசாரணை வந்தாலும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் போகும். எந்தக் குழந்தையையும் லாக்கப்பில் வைக்கக் கூடாது.

மீதிப் பாதியைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பிள்ளைக்கு வராத பொறுப்பு பெரியவர் தலையில் கூடுதலாக ஏறுகிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 83-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் பாருங்கள். குழந்தைகளைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் சிறை, ஐந்து லட்சம் ரூபாய் அபராதம். முயலுக்கு மூன்று ஆண்டு, முயலை விரட்டப் பிள்ளையைப் பயன்படுத்தியதற்கு ஏழு ஆண்டு. முயல் வேட்டை வழக்கில் இந்தப் பிரிவைப் போட்டு நான் பார்த்ததில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் போட முடியாது என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை. ஒரு பையன் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற நிலைமை வந்தால் முதலில் தேடுகிற பிரிவுகளில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

அப்புறம், சாட்சி. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு சிவராத்திரி முடிந்து, வழக்கு விஷயமாக ஒரு கட்சிக்காரர் என்னிடம் வந்தார். அவரோடு போன பத்து வயது மகனும் பிடிபட்டவர்களோடு வன அலுவலகத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறான். யாரும் மிரட்டவில்லை. ஒரு வனக்காவலர் டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். "எத்தனை முயல் தம்பி?" "மூணு சார்." "வலை யாரோடது?" "எங்க அப்பாவோடது சார், நாங்கதான் பின்னுனோம்." பையன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்த்ததும் அந்த அப்பாதான். சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை, கேள்வி புரிந்து பொருத்தமாகப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும். அந்த வழக்கு கடைசியில் பணம் கட்டுவதோடு முடிந்தது. ஆனால் அப்பாவை மாட்டிவிட்டது தான்தான் என்று பையன் ரொம்ப நாள் ஊருக்கே போக மறுத்தான். என் அலுவலகத்தில் அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் பிரிவு எண்களைச் சொல்வதைவிட இதைச் சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறேன்.

வழக்கே வராவிட்டாலும்

பத்து தடவை போனால் ஒன்பது தடவை எந்த வழக்கும் இல்லாமல்தான் திரும்புவார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது இரவுகளும் பிள்ளைக்குப் பத்திரமான இரவுகள் கிடையாது. அந்தப் பக்கத்துக் கரட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைக் கிணறுகள் எத்தனை என்று மாமனாரையே எண்ணச் சொல்லுங்கள். நாய் குரைக்கிற திசையில் எல்லோரும் ஓடும்போது ஆறு வயதுப் பெண்ணின் கையை யார் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்? வெயில் ஏற ஆரம்பிக்கிற மாசியில் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் இரவில்தான் வெளியே வரும். இருட்டில் வீசுகிற கம்புக்கு முயல் தலையும் பிள்ளை முழங்காலும் ஒரே உயரம்.

துப்பாக்கி என்று வந்துவிட்டால் அங்கே பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பதற்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தபட்சம் இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வைத்திருக்கவே ஆயுதச் சட்டம் அனுமதிப்பதில்லை. "சும்மா ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும்" என்று ஒரு சித்தப்பா பையன் கையில் கொடுத்தால் அந்த நிமிடத்தில் எத்தனை குற்றம் சேர்கிறது என்று பாருங்கள். அதைவிட, நாட்டுத் துப்பாக்கி எந்தப் பக்கம் வெடிக்கும் என்பது அதைச் செய்தவனுக்கே தெரியாது.

பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய், அதாவது இரைக்குள் மறைத்து வைக்கும் வெடி, அந்தக் கூட்டத்தில் யாரிடமாவது இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 2020 ஜூன் மாதம் திருச்சி மாவட்டம் தொட்டியம் அருகே, மீன் பிடிக்க வாங்கி வைத்திருந்த வெடிபொருளைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்த ஆறு வயதுப் பையன் இறந்துபோனான். உங்கள் மகள் வயது. எந்தப் பெரியவரும் அவனுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. பிள்ளை கை எட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் யூடியூபில் அமெரிக்கப் பிள்ளைகள் அப்பாவோடு மான் வேட்டைக்குப் போவதைக் காட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், அங்கே பல மாநிலங்களில் சிறுவர்கள் பெரியவரோடு வேட்டைக்குப் போகலாம். ஆனால் அதற்கு உரிமம், இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை என்ற பருவம், பாதுகாப்பு வகுப்பு, தூரத்திலேயே தெரிகிற ஆரஞ்சு நிறச் சட்டை என்று அரசு வகுத்த ஒழுங்கு இருக்கிறது. நாம் வீடியோவில் பார்ப்பது அப்பாவையும் பிள்ளையையும் மட்டும்தான்.

அம்மாவின் சொல்லுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு?

"அப்பாதானே கார்டியன்" என்று உங்கள் வீட்டில் சொல்வது 1956-ஆம் ஆண்டு இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு சொல்வது. இயற்கைக் காப்பாளர் அப்பா, "அவருக்குப் பின்" அம்மா என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அந்த வரியை அப்பாவின் மறைவுக்குப் பின் என்று குறுக்கிப் படிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் சொல்லிவிட்டது. குழந்தையின் நலன்தான் முதல் கணக்கு என்பது அதே சட்டத்தில் தனிப் பிரிவாகவே இருக்கிறது. பிள்ளையைத் தெரிந்தே ஆபத்தில் கொண்டு நிறுத்துகிற முடிவை அப்பா எடுத்தாலும் சரி, அம்மா எடுத்தாலும் சரி, இன்னொருவர் எதிர்க்கலாம்.

இதற்கு மேல் போக வேண்டுமானால் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர்கள் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் தடை கேட்கவும் வழி இருக்கிறது. ஒரு இரவுக் காரியத்துக்காகக் குடும்ப நீதிமன்றப் படியேற நான் உங்களை அனுப்ப மாட்டேன். உங்கள் கடிதத்தில் அடி, உதை, மிரட்டல் எதுவும் இல்லை. பிள்ளை இரவில் எழுந்து உட்கார்ந்தபோது அப்பாதான் பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதரிடம் பேசிப் பார்க்காமல் மனு எழுத வேண்டாம்.

பெயர் சொல்லாமல் போன் செய்யலாமா?

செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் எப்போது செய்கிறீர்கள் என்பது முக்கியம். வேட்டைக் கூட்டத்துக்குள் உங்கள் பிள்ளைகள் இருக்கும்போது நடு இரவில் தகவல் போனால் என்ன நடக்கும்? ஜீப் வெளிச்சம் விழும், எல்லோரும் சிதறி ஓடுவார்கள், மொட்டைக் கிணறு பற்றி மேலே சொன்னது அத்தனையும் அந்த ஓட்டத்தில்தான் நடக்கும். சொல்வதாக இருந்தால் பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த நாள் என்று மட்டும் சொன்னால் போதும். சிவராத்திரி நேரத்தில் அந்த மாவட்டங்களில் வனத்துறை எப்படியும் எச்சரிக்கை கொடுத்து ரோந்து போகும். முன்கூட்டியே ஊருக்குள் ஒரு எச்சரிக்கை வந்தால், வேட்டை நின்றதற்கு யார் மேலும் பழி வராமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. சின்ன ஊரில் போன் செய்தது யார் என்று ஊகிக்க ஒரு வாரம் ஆகாது. அந்தப் பேச்சைத் தாங்க முடியுமா என்று உங்களைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். துப்பாக்கியோ வெடியோ இருப்பது உறுதியானால் மட்டும் இந்தத் தயக்கத்தைப் பார்க்காதீர்கள், காவல் துறைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் நேரடி ஆபத்தில் இருக்கிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது

சிவராத்திரிக்கு முந்தின நாள் ஊரில் வைத்து, மாமனார் முன்னால் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அப்பா எதிரில் மகன் ஒருநாளும் விட்டுக்கொடுக்க மாட்டார். கோவையில் வைத்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு பேசுங்கள். "நீங்க செய்யறது தப்பு" என்று தொடங்காமல், மகன் இரவில் எழுந்து உட்கார்ந்ததிலிருந்து தொடங்குங்கள்.

அவன் பெருமையாகச் சொல்லித் திரிகிறானே, கொடூர புத்தி வந்துவிடுமோ என்று பயந்திருக்கிறீர்கள். நான் மனநல மருத்துவர் இல்லை, ஆனால் அந்தப் பயம் தேவையில்லை என்று தோன்றுகிறது. ஒன்பது வயதில் அப்பா, தாத்தா, சித்தப்பா எல்லோரும் தன்னை ஆளாக மதித்துக் கூட்டிப்போன ஒரே இரவு அது. அவன் பெருமைப்படுவது அதற்கு. அதே சமயம் துடிக்கிற முயலின் காது அவன் கையில் இருந்திருக்கிறது. பகலில் ஒன்று பேசுகிறது, இரவில் இன்னொன்று எழுப்புகிறது. இப்போதும் தூக்கம் கெடுகிறது என்றால் குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆகவே அந்த ஆண்கள் கூட்டத்தில் அவனுக்கு இருக்கும் இடத்தைப் பறிக்காதீர்கள். வேட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள். காலையில் அப்பாவோடும் தாத்தாவோடும் கண்மாய்க் கரையில் நடந்து, மண்ணில் முயல் தடம் எது, கீரித் தடம் எது, நரி ராத்திரி எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். வேட்டைக்காரனிடம் இருக்கிற உண்மையான வித்தை அதுதான், அதற்கு எந்தப் பிரிவிலும் தடை இல்லை. சிப்பிப்பாறை நாயைப் பழக்கக் கற்றுக்கொள்ளட்டும். தூண்டில் போடட்டும். வரப்பில் எலி பிடிக்கப் போகிறேன் என்றாலும் போகட்டும், வயல் எலி அட்டவணையில் இல்லை. சங்கப் பாட்டிலேயே வேட்டுவர் வீட்டுப் பிள்ளைகள் பருத்தி வேலியோரம் சின்ன வில்லை வளைத்துக்கொண்டு எலிக்குத்தான் காத்திருப்பார்கள். எலிக்காய்ச்சல் இருக்கிற காலம், வெறுங்கையால் வளையைத் தோண்ட மட்டும் விடாதீர்கள்.

வழக்கம் மாறக் கூடாது என்று மாமனார் சொன்னால் சண்டை போடாமல் இரண்டு விஷயம் கேளுங்கள். கன்னியாகுமரியில் விஜயதசமி அன்று பகவதி அம்மன் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போகிறாள். அம்பு விடுவது பாணாசுரன் மேல், அந்த வேட்டையில் எந்த உயிரும் சாவதில்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் பள்ளிவேட்டையில் திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பெரியவர் அம்பு எய்வது ஒரு இளநீர் மேல். ராஜாவுக்கே இளநீர் போதுமென்றால் நமக்கு என்ன? இரண்டாவது, உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிற கொள்ளுகுடிப்பட்டி. வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை, பல பத்து வருடங்களாக. அதுவும் சிவகங்கை மாவட்டத்து வழக்கம்தான். வெடி கேட்டு அழுத பிள்ளைகள் அந்த ஊரிலும் இருந்திருப்பார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் தான் போவேன் என்றால், அது அவருடைய முடிவு. ஆபத்தைச் சொல்லிவிட்டீர்கள். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அசையாதீர்கள். கோயிலில் சாமி கும்பிட்டுப் பொங்கல் வைத்து, அன்று மாலையே பிள்ளைகளோடு உங்கள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். இதைக் கோவையிலேயே அவரிடம் சொல்லிவிட்டு, பஸ் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள். கிளம்புகிற நேரத்தில் வாசலில் நின்று பிள்ளையின் கையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற நிலைமை வரக் கூடாது. மகள் அழுவாள். அழட்டும்.

பின்குறிப்பில், போன வருடம் கொண்டுவந்த முயல் வாலை மகன் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறான், என்ன செய்வது என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பியிருந்தீர்கள். சட்டப்படி அந்த வால் அரசுச் சொத்து. வைத்திருப்பதும் சிக்கல், தூக்கி எறிவதும் அதே பிரிவில் சிக்கல். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் தர மாட்டேன், பக்கத்தில் இருக்கும் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். அதுவரை அது பள்ளிக்குப் போகக் கூடாது, படம் எடுத்து யாருக்கும் அனுப்பவும் கூடாது, எனக்கு அனுப்பியது உட்பட. அவன் கையிலிருந்து பிடுங்காதீர்கள். ஏன் இதை வைத்திருக்கிறாய் என்று கேளுங்கள். அவன் சொல்கிற பதிலை அன்று இரவு அப்படியே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.